முதல் ஒரு நிமிடம்: சிறுநீரகத்தின் இரத்த ஓட்டத்தை அறியும் ஸ்கேன்

"இரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்தாயிற்று, வயிற்று ஸ்கேனும் எடுத்தாயிற்று. இப்போது அணு மருத்துவப் பிரிவில் மற்றொரு ஸ்கேன் எதற்கு?" சிறுநீரகப் புறநோயாளிப் பிரிவில் அடிக்கடி எழும் கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட.

இரண்டு சிறுநீரகங்களையும் சேர்த்து நிறுத்தால் ஏறத்தாழ 300 கிராம்தான் இருக்கும். ஆயினும் இதயம் ஒவ்வொரு நிமிடமும் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் ஒரு லிட்டர், இவற்றின் வழியே பாய்கிறது. சிறுநீரகத்தின் சொந்தத் தேவைக்கு இவ்வளவு வேண்டியதில்லை. வடிகட்டப்படுவதற்காகவே அந்த இரத்தம் அங்கு வருகிறது. வரத்து பெரிதும் குறைந்தால் வேலையும் குறையும்.

கிரியாட்டினின் அளவு இரு சிறுநீரகங்களும் சேர்ந்து செய்யும் வேலையின் மொத்தக் கணக்கை மட்டுமே கூறும். ஒன்று நலிந்து, மற்றது அதன் சுமையையும் சேர்த்துச் சுமந்தால், இரத்தப் பரிசோதனையில் குறை எதுவும் தெரியாமலே போகலாம். வயிற்று ஸ்கேன் உறுப்பின் அளவையும் கல்லையும் வீக்கத்தையும் காட்டும். டாப்ளர் குழாயில் இரத்தம் ஓடும் வேகத்தைக் காட்டும். வந்து சேர்ந்த இரத்தத்தைக் கொண்டு இடப்பக்கத்துச் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது, வலப்பக்கத்தது எவ்வளவு செய்கிறது என்பதைப் பிரித்துக் கூறுவது ரெனோகிராம் எனப்படும் இந்த ஸ்கேன். செலுத்தப்படும் மருந்தின் பெயரால் டி.டி.பி.ஏ. ஸ்கேன் என்றும் இதனை வழங்குவர். மேக்-3, ஈ.சி. ஆகிய மருந்துகளும் பயன்படுகின்றன.

இம்மருந்துகளோடு டெக்னீசியம்-99எம் என்னும் கதிரியக்கப் பொருள் மிகச் சிறிதளவு இணைக்கப்படுகிறது. ஈயக் கவசமிட்ட கலத்தில் உள்ள மாலிப்டினத்திலிருந்து அது காலைதோறும் பிரித்தெடுக்கப்படும். பணியாளர்கள் அக்கலத்தைப் 'பசு' என்றும், அவ்வேலையைப் 'பால் கறப்பது' என்றும் கூறுவது வழக்கம். டெக்னீசியத்தின் வீரியம் 6 மணி நேரத்திற்கு ஒருமுறை பாதியாகக் குறைவதால், அன்றன்று கறந்து அன்றன்றே பயன்படுத்த வேண்டியிருக்கிறது.

நோயாளி மல்லாந்து படுத்திருப்பார். காமா கேமரா முதுகுப்புறத்தில் இருக்கும். கை நரம்பில் மருந்து ஒரே வீச்சில் செலுத்தப்படும். அக்கணம் முதல் ஒரு நிமிடம் வரை ஓரிரு விநாடிக்கு ஒரு படம் வீதம் பதிவாகிறது. முதலில் பெருந்தமனி தெரியும். அடுத்த சில விநாடிகளில் இரு சிறுநீரகங்களும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் தோன்ற வேண்டும். ஒன்று பிந்தித் தோன்றினாலோ மங்கித் தெரிந்தாலோ, அதற்குச் செல்லும் இரத்தம் குறைவு என ஐயுறலாம். அந்த ஒரு நிமிடமே இரத்த ஓட்டத்தின் பதிவு. பின்னர் இருபது முதல் முப்பது நிமிடங்கள் எடுக்கப்படும் படங்கள், சிறுநீரகம் மருந்தை ஈர்த்து, சிறுநீரோடு வெளியேற்றும் திறனைக் காட்டும். மொத்த வேலையில் ஒவ்வொன்றின் பங்கு 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் இருப்பது இயல்பு.

மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் அந்த முதல் நிமிடம் வீணாகிவிடும். உடனே மீண்டும் எடுக்கவும் இயலாது. செவிலியர் நல்ல நரம்பைத் தேடிப் பொறுமையாக ஊசியைப் பொருத்துவது அதனால்தான். டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா செய்துள்ள கையை முன்கூட்டியே அவரிடம் தெரிவியுங்கள்.

சிறுநீரக மாற்று அறுவைக்குப் பிந்திய நாள்களில் இச்சோதனைக்குத் தனி மதிப்பு உண்டு. மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து பெற்று, பல மணி நேரம் குளிரில் வைத்திருந்து பொருத்திய சிறுநீரகம், சிலருக்குத் தொடக்க நாள்களில் சிறுநீரே பிரிக்காது. சிறுநீர்ப் பையைப் பார்த்தவாறே குடும்பத்தார் கலங்கி நிற்பதை நாங்கள் அறிவோம். அந்நிலையில் டாப்ளரோடு இந்த ஸ்கேனும் செய்யப்படலாம். அப்போது கேமரா முன்புறம், அடிவயிற்றின் மேல் இருக்கும். இரத்தம் நன்றாகப் பாய்ந்தும் சிறுநீர் பிரியவில்லையெனில், உறுப்பு உயிரோடுதான் இருக்கிறது, அதன் நுண்குழல்கள் அதிர்ச்சியிலிருந்து மீளவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். டயாலிசிஸின் துணையோடு காத்திருந்தால் பலருக்கு அது தேறிவிடும். மாறாக, சிறுநீரகம் இருக்கும் இடத்தில் மருந்து படியாத வெற்றிடம் தெரிந்தால், இரத்தக் குழாய் அடைபட்டிருக்கக்கூடும். அது தாமதத்திற்கு இடமில்லாத நெருக்கடி. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலைகளும் உண்டு. உடல் அவ்வுறுப்பை ஏற்க மறுக்கிறதா என்பதை இந்த ஸ்கேன் மட்டும் உறுதி செய்யாது. அதற்குத் திசுப் பரிசோதனை வேண்டும்.

சிறுநீரகத் தமனி குறுகியதால் இரத்த அழுத்தம் ஏறியிருக்குமோ என்ற ஐயம் இருந்தால், கேப்டோபிரில் மாத்திரை தந்து, ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்து இதே ஸ்கேன் எடுப்பதுண்டு. இரத்த வரத்து குறைந்த சிறுநீரகம், இரத்தம் வெளியேறும் நுண்குழாயை இறுக்கி உள்ளழுத்தத்தைக் காத்துக்கொள்கிறது. மாத்திரை அப்பிடியைத் தளர்த்தும்போது அதன் வேலை சட்டெனச் சரியும், குறை வெளிப்படும். சி.டி. ஆஞ்சியோகிராம் குறுகலைக் காட்டும். அக்குறுகல் சிறுநீரகத்தைப் பாதிக்கிறதா என்பதை இது காட்டும். இரு சிறுநீரகங்களும் ஏற்கெனவே நலிந்திருந்தால் இதன் தெளிவு குறைவு. ராமிப்ரில், எனாலாப்ரில், டெல்மிசார்டன், லோசார்டன் போன்ற மாத்திரைகளைச் சில நாள் முன்னதாக நிறுத்தச் சொல்லக்கூடும். மருத்துவர் கூறாமல் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கதிரியக்கம் என்றதும் அச்சம் எழுவது இயல்பே. பெரியவர்களுக்கு இச்சோதனையால் சேரும் அளவு பொதுவாக ஒன்று முதல் இரண்டு மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாகவே ஓராண்டில் நம்மை வந்தடைவது உலகச் சராசரியில் 2.4 மில்லிசீவர்ட். சி.டி. ஸ்கேனுக்குச் செலுத்தப்படும் அயோடின் மருந்து இதில் இல்லை. ஆயினும் கருவுற்றிருந்தால், அல்லது கருவுற்றிருக்கலாம் என்ற ஐயமிருந்தால், பாலூட்டுபவராக இருந்தால், ஊசிக்கு முன்பே கூறிவிடுங்கள்.

வெறும் வயிற்றோடு வரத் தேவையில்லை. வழக்கமாக அரை மணி நேரம் முன்னதாக அரை லிட்டர் அளவுக்குத் தண்ணீர் அருந்தச் சொல்வார்கள். உடலில் நீர் வற்றியிருந்தால் நல்ல சிறுநீரகமும் சோர்ந்ததுபோல் தோன்றும். தண்ணீர்க் கட்டுப்பாடு உள்ள இதய நோயாளிகளும் டயாலிசிஸ் நோயாளிகளும் தமக்குரிய அளவைக் கேட்டறிந்து அருந்துக. ஸ்கேன் முடிந்தபின் அடிக்கடி சிறுநீர் கழித்தால் மருந்து விரைவில் வெளியேறிவிடும். அன்று மாலை வரை கைக்குழந்தையை நெடுநேரம் மடியில் வைத்திருக்க வேண்டாம். பழைய ரெனோகிராம் அறிக்கை இருந்தால் மறவாமல் எடுத்து வாருங்கள். இன்றைய விழுக்காட்டை அதனோடு ஒப்பிட்ட பிறகே மருத்துவர் முடிவுக்கு வருவார்.