கோபுரத்தின் எதிரே ஒரு கேள்வி

திருவரங்கத்தில் இராஜகோபுரத்தின் எதிரே, 2006 டிசம்பரில் நிறுவப்பெற்ற பெரியார் சிலை நிற்கிறது. அதன் பீடத்தில் கடவுள் மறுப்பு வாசகம் பொறிக்கப்பட்டுள்ளது. இம்மறுப்பை ஆராயும் நாம், 1904 இல் காசிச் சத்திரத்தில், பிராமணரல்லாதார் என்பதால் அவருக்கு உணவு மறுக்கப்பட்டதை மறத்தலாகாது. அவருடைய ஐயம் சிந்தனையில் மட்டுமன்று, பந்தியிலும் வேரூன்றியது.

நம் திருச்சபை குற்றமற்றதோ? 1833 இல் பேராயர் டேனியல் வில்சன், சபையில் சாதி வேற்றுமை ஒழிய வேண்டுமெனப் பணித்தபோது, தஞ்சையில் பலர் சபையையே துறந்தனர். திருச்சிராப்பள்ளி மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவரைப் பிரித்த சுவருக்கு எதிராக 2010 இல் போராட்டம் நடந்தது.

ஆகவே, ஐயுறுவோரிடம் கடவுள் உண்டென வாதிடுமுன், "எந்தப் பந்தியிலிருந்து எழுப்பப்பட்டீர்?" என வினவுவோம். அவர்தம் விடையைச் செவிமடுப்பதே ஆயர் பணியின் தொடக்கம்.