வெளிக்காற்றை அளந்து விடுங்கள்... கோடையிலும் பால் காளான் கைவிடாது!

சாத்தூர் வட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தீபாவளிக்குப் பிறகு பட்டாசு வேலை குறைந்துவிடுவதால் வீட்டுக் கொல்லையில் இருபதுக்குப் பதினைந்து அடியில் குடில் போட்டுப் பால் காளான் தொடங்கினாராம். மாசி வரை நல்ல விளைச்சல். சித்திரை பிறந்ததும் தொல்லையும் பிறந்தது. காற்று வரட்டும் என்று கதவைத் திறந்து வைத்தால் மொட்டுகள் மஞ்சளாகிக் கருகுகின்றன. மூடி வைத்தால் படுக்கை புளித்த வாடை அடிக்கிறது, காளான் தண்டு மட்டும் நீளமாக வளர்ந்து குடை சிறுத்துப் போகிறது. 'திறப்பதா, மூடுவதா?' என்பது அவர் கேள்வி. கரிசல் காட்டில் காளான் வளர்க்கும் பலருக்கும் இதே சந்தேகம் இருப்பதால், கேள்வி-பதில் பகுதியில் நான்கு வரியில் முடிக்காமல் விரிவாகவே எழுதுகிறோம்.

பதிலைச் சுருக்கமாகச் சொன்னால், திறக்கவும் வேண்டும், மூடவும் வேண்டும். எந்த நேரத்தில், எவ்வளவு நேரம், எந்த வழியாக என்பதில்தான் லாப நஷ்டம் இருக்கிறது.

நம் மண்ணுக்கு வந்த காளான்

பால் காளான் வெப்பம் தாங்கும் இனம். மேற்கு வங்கத்தில் கிடைத்த இந்தக் காளானை 1974-ல் புர்காயஸ்தா, சந்திரா என்ற இரு ஆய்வாளர்கள் உலகுக்கு அறிமுகம் செய்தார்கள். அதைத் தமிழ்நாட்டு விவசாயிகள் வீட்டு அளவில் வளர்க்கும்படி செய்ததில் சாத்தூருக்குப் பக்கத்து ஊரான அருப்புக்கோட்டைக்குப் பெரிய பங்கு உண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அருப்புக்கோட்டை மண்டல ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த ரகம்தான் ஏ.பி.கே. 2. பெயரில் உள்ள எழுத்துகளே அருப்புக்கோட்டையைக் குறிப்பவை.

இந்தக் காளானுக்கு 30 முதல் 35 டிகிரி செல்சியஸ் வெப்பமும், 80 சதவிகிதத்துக்கு மேல் காற்றில் ஈரப்பதமும் தேவை. சாத்தூரில் வெப்பத்துக்குப் பஞ்சமில்லை, ஆனால் அது அளவை மீறிவிடுகிறது. ஈரப்பதத்துக்கோ பெரும் பஞ்சம். அக்னி நட்சத்திரத்தில் பிற்பகல் 2 மணிக்கு வெளியே 40 டிகிரி அடிக்கும்போது காற்றின் ஈரப்பதம் 30 சதவிகிதம் அளவுக்கு இறங்கிவிடும். அந்தக் காற்றை நேராக உள்ளே விட்டால் மொட்டு கருகாமல் என்ன செய்யும்?

படுக்கையும் மூச்சு விடுகிறது

அப்படியானால் மூடியே வைத்தால் என்ன? காளான் படுக்கை உயிருள்ள பொருள். பூசண இழை வைக்கோலைத் தின்று வளரும்போது, நம்மைப் போலவே பிராணவாயுவை இழுத்துக் கரியமில வாயுவை விடுகிறது. கூடவே வெப்பத்தையும் வெளியிடுகிறது. அதனால் படுக்கையின் நடுப்பகுதி எப்போதும் அறையைவிடச் சில டிகிரி கூடுதல் சூடாகவே இருக்கும். அறையில் 36 டிகிரி என்றால் படுக்கையின் நடுவே 38, 39 இருக்கலாம். அதற்கு மேல் போனால் பூசண இழை நலிந்துவிடும். அந்த இடத்தைப் பச்சைப் பூசணமும் பாக்டீரியாவும் பிடித்துக்கொள்ளும். புளித்த வாடை அதன் அடையாளம்.

வித்து பரவும் காலத்தில் கரியமில வாயு கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் கெடுதல் இல்லை. அந்த 15, 20 நாட்களுக்குக் குடிலை மூடலாகவே வைக்கலாம். ஆனால் படுக்கைகளை ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கக் கூடாது. ஒரு சாண் இடைவெளி விட்டால்தான் சூடு வெளியேறும். படுக்கை முழுக்க வெள்ளை படர்ந்து, பையை இரண்டாக வெட்டி, வேகவைத்து ஆறவைத்த மேல்மண்ணை 2 செ.மீ. உயரத்துக்குப் போட்ட பிறகு கணக்கு மாறுகிறது. 8 முதல் 10 நாளில் குண்டூசித் தலை போல மொட்டு வரும். அந்த நாள் தொடங்கி அறுவடை வரை புதுக்காற்று கட்டாயம்.

காற்றின் நிலையைக் காளானே சொல்லிவிடும்:

* தண்டு நீண்டு, குடை சிறுத்திருந்தால்: புதுக்காற்று போதவில்லை.
* குடையின் மேல்பகுதி வெடித்தால், மொட்டு மஞ்சளாகிக் காய்ந்தால்: வறண்ட காற்று நேரடியாகப் படுகிறது.
* குடையில் பழுப்புப் புள்ளி, பிசுபிசுப்பு, நாற்றம் இருந்தால்: ஈரம் கூடிவிட்டது, காற்று ஓடவில்லை.

முதல் வேலை கூரையில்

பலர் காற்றைக் குறை சொல்கிறார்கள். ஆனால் கோடையில் குடிலுக்குள் வரும் சூட்டில் பெரும்பங்கு கூரை வழியாக இறங்குகிறது. ஆஸ்பெஸ்டாஸ், தகரக் கூரையாக இருந்தால் மேலே தென்னங்கீற்றுப் பரப்பி, அதன்மீது காலையும் மாலையும் தண்ணீர் தெளியுங்கள். அல்லது வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். உள்பக்கம் பழைய சேலைகளைக் கூரைக்கு ஓர் அடி கீழே பந்தல் போலக் கட்டினாலும் சூடு தணியும். கூரையைச் சரி செய்யாமல் விசிறி வாங்குவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது போலத்தான்.

நிலத்தில் 3 அடி பள்ளம் தோண்டி, மேலே நீல நிற பாலித்தீன் விரிப்புப் போட்டு அமைக்கும் குடில் பால் காளானுக்கு ஏற்றது. மண்ணின் குளிர்ச்சி உள்ளே நிற்கும். கரிசலில் மட்டும் ஓர் எச்சரிக்கை. வெயிலில் வெடித்து மழையில் உப்பும் மண் இது. பள்ளத்தின் பக்கவாட்டில் செங்கல் சுவர் எழுப்பாவிட்டால் சரிந்துவிடும். மழைத்தண்ணீர் உள்ளே வராதபடி சுற்றிலும் கரை போடுங்கள். பள்ளத்தில் நிற்கும் காற்று தானாக வெளியேறாது என்பதால், இந்தக் குடிலுக்குக் காற்றுப் போக்கி அவசியம்.

இரண்டு வெப்பமானி இருந்தால் போதும்

வெளிக்காற்று உதவுமா, கெடுக்குமா என்பதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. ஒரே மாதிரி இரண்டு வெப்பமானிகள் வாங்குங்கள். ஒன்றை அப்படியே நிழலில் தொங்க விடுங்கள். மற்றொன்றின் குமிழில் பருத்தித் துணியைச் சுற்றி, துணியின் நுனியைத் தண்ணீர்க் கிண்ணத்தில் விடுங்கள். காற்றுப் படும் இடத்தில் பத்து நிமிடம் வைத்து இரண்டையும் படியுங்கள். ஈரத்துணி சுற்றியது குறைவாகக் காட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நமக்குத் தேவையான கணக்கு.

வித்தியாசம் 8 டிகிரிக்கு மேல் இருந்தால், காற்று நன்றாக வறண்டிருக்கிறது. ஈரச்சாக்கு வழியாக உள்ளே விட்டால் நன்றாகக் குளிரும்.

வித்தியாசம் 3 டிகிரிக்குள் இருந்தால், காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. சாக்கை நனைத்துப் பயனில்லை. வெறும் காற்று மட்டும் ஓடட்டும்.

ஓர் உதாரணம். கோடைப் பிற்பகலில் காய்ந்த வெப்பமானி 40, ஈர வெப்பமானி 25 காட்டுகிறது என்று வையுங்கள். வித்தியாசம் 15. ஈரச்சாக்குத் திரை அந்த வித்தியாசத்தில் பாதியைக் குறைத்தாலே உள்ளே நுழையும் காற்று 32, 33 டிகிரிக்கு வந்துவிடும். அதுதான் பால் காளான் கேட்கும் வெப்பம். அதே நேரத்தில் காற்றில் ஈரமும் ஏறியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காய்ந்தது 27, ஈரம் 25.5 என்று காட்டும். அப்போது சாக்கு நனைத்தால் அழுகல்தான் மிஞ்சும்.

சாக்குத் திரை அமைப்பது எப்படி?

குடிலின் ஒரு பக்கச் சுவரில், தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் காற்று நுழையும் வழி. எதிர்ச் சுவரில், கூரையை ஒட்டிக் காற்று வெளியேறும் வழி. பள்ளக் குடிலாக இருந்தால், விசிறிக்கு ஒரு குழாய் இணைத்து அதன் வாயைத் தரை வரை இறக்கிவிடுங்கள். நுழையும் வழியில் இரட்டைச் சணல் சாக்குத் தொங்கட்டும். அதன் மேல் விளிம்பில் துளையிட்ட பி.வி.சி. குழாய் வைத்துச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடலாம். குழாய் வசதி இல்லாதவர்கள் மணிக்கு ஒரு முறை கையால் நனைக்கலாம். இரண்டு வழிகளுக்கும் நெருக்கமான நைலான் வலை கட்டாயம். இல்லாவிட்டால் காளான் ஈ புகுந்து முட்டையிடும்.

ஆடிக் காற்று மேற்கிலிருந்து வேகமாகவும் வறண்டும் வீசும். மழை மேற்கு மலைக்கு அப்பாலேயே நின்றுவிட, நமக்கு வருவது வெறும் காற்றுதான். மேற்குப் பக்கத் திறப்பை ஈரச்சாக்கு இல்லாமல் திறக்காதீர்கள். எந்தத் திறப்பும் படுக்கையை நேராகப் பார்க்கக் கூடாது. குறுக்கே ஒரு தட்டி வைத்தால் காற்று மோதிப் பரவும்.

நம் பகுதியில் பல கிணறுகளில் உப்புத் தண்ணீர். சாக்கை நனைக்க அது போதும், ஆனால் உப்புப் படிந்து சாக்கு அடைத்துக்கொள்ளும். வாரம் ஒரு முறை அலசுங்கள். படுக்கையில் தெளிக்க மட்டும் நல்ல தண்ணீரே வேண்டும்.

விசிறி எவ்வளவு நேரம்?

வாசகியின் குடில் 20 அடி நீளம், 15 அடி அகலம், 8 அடி உயரம் என்று கொண்டால் 2,400 கன அடி. நிமிடத்துக்கு 800 கன அடி இழுக்கும் எக்ஸாஸ்ட் விசிறி, கணக்குப்படி 3 நிமிடத்தில் உள்ளே இருக்கும் காற்றை மாற்றிவிடும். ஆனால் புதுக்காற்றும் பழைய காற்றும் கலந்துகொண்டே இருப்பதால் ஒரு தடவை போதாது. மூன்று மடங்கு, அதாவது 10 நிமிடம் ஓட விடுங்கள். ஈரச்சாக்கு இழுவையைக் குறைக்கும் என்பதால் அப்போது இன்னும் சில நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் வேலை... மொட்டு வந்த பிறகு

*கோடையில் (பங்குனி முதல் ஆடி வரை)*

* விடியற்காலை 5 மணி: இதுதான் நாளின் குளிர்ந்த காற்று. எல்லாத் திறப்பும் திறந்து அரை மணி நேரம். மூடிய பிறகு கைத்தெளிப்பானால் பனி போலத் தண்ணீர். இந்தத் தெளிப்பை விடக் கூடாது. 28 டிகிரியில் 75 சதவிகித ஈரத்தோடு வரும் காற்று, உள்ளே 33 டிகிரிக்குச் சூடாகும்போது ஈரப்பதம் 56 சதவிகிதமாக இறங்கிவிடும்.
* காலை 10 மணி: ஈரச்சாக்கு வழியாக 10 நிமிடம்.
* மதியம் 2 மணி: படுக்கையில் வெப்பமானியைச் செருகிப் பாருங்கள். 36-க்கு மேல் இருந்தால் ஈரச்சாக்கு வழியாக விசிறி, தரையில் தண்ணீர். கதவைத் திறக்காதீர்கள்.
* இரவு 8 மணி: சாக்கு வழியாக மீண்டும் 15 நிமிடம்.

*மார்கழி, தையில்*

கணக்கு அப்படியே தலைகீழ். இரவில் குளிர் இறங்கும். 25 டிகிரிக்குக் கீழே போனால் மொட்டு வருவது நின்றுவிடும். அதனால் விடியற்காலையில் மூடி வையுங்கள். காலை 11 முதல் 3 மணிக்குள், வெளியே இதமான வெயில் இருக்கும்போது, காய்ந்த சாக்கு வழியாகக் காற்று விடுங்கள்.

கேட்டார்கள்... சொல்கிறோம்

? ஏர் கூலர் வாங்கி உள்ளே வைக்கலாமா?

ஈரச்சாக்கும் ஏர் கூலரும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஆனால் கூலரை அறைக்குள்ளே வைத்தால் உள்காற்றையே சுற்றிச் சுற்றி ஈரமாக்கும், கரியமில வாயுவும் வெளியேறாது. ஜன்னலில் வைத்து வெளிக்காற்றை இழுக்கும்படியும், எதிர்ப்புறம் காற்று வெளியேறும்படியும் செய்தால் பலன் உண்டு. மழைக்காலத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

? கரன்ட் போய்விட்டால் என்ன செய்வது?

கீழே ஒரு திறப்பு, எதிரே மேலே ஒரு திறப்பு இருந்தால் விடியற்காலையில் விசிறியே தேவையில்லை. உள்ளே இருக்கும் சூடான காற்று லேசாகி மேலே போக, குளிர்ந்த காற்று கீழ்வழியாக நுழையும். உச்சி வெயிலில் கரன்ட் போனால் சாக்கையும் தரையையும் நனைத்துவிட்டுக் கதவை மூடி வையுங்கள்.

? இதே குடிலில் சிப்பிக் காளான் போடலாமா?

சாத்தூரில் கார்த்திகை முதல் மாசி வரை போடலாம். சிப்பிக் காளானுக்கு 30 டிகிரிக்குக் கீழே இருப்பது நல்லது. புதுக்காற்றும் கூடுதலாக வேண்டும். அறுவடையின்போது பறக்கும் அதன் வித்துத்தூள் சிலருக்கு இருமலைக் கொண்டுவரும். காலையில் காற்றுப் போக்கிய பிறகு உள்ளே போங்கள். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்ட சகோதரிக்கு ஒரு வார்த்தை. கெட்டுப்போன படுக்கைகளை முதலில் குடிலை விட்டு அப்புறப்படுத்திக் குழியில் புதையுங்கள். அடுத்த சுற்றுக்கு வித்து வாங்கும் முன் இரண்டு வெப்பமானிகளும் சாக்குத் திரையும் தயாராக இருக்கட்டும். முதலில் பத்துப் படுக்கை மட்டும் போட்டு, தினமும் மூன்று வேளை வெப்பத்தைப் பழைய நோட்டு ஒன்றில் குறித்து வாருங்கள். ஒரு அறுவடை முடிவதற்குள் உங்கள் குடிலின் குணம் உங்களுக்குப் பிடிபட்டுவிடும். அதன் பிறகு படுக்கையைக் கூட்டலாம்.