கிணற்றுக்குள் கடல் வருவது எப்படி?

மீஞ்சூர், பொன்னேரி பக்கம் பல கிணறுகளில் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. "கடல் எங்கேயோ இருக்குது, என் கிணத்துக்கு எப்படி வந்தது?" என்று கேட்கிறீர்கள். அதை இன்று பார்ப்போம்.

ஆரணியாறும் கொசஸ்தலையாறும் காலங்காலமாகக் கொண்டுவந்து சேர்த்த மணலும் வண்டலும்தான் நம் பூமி. மணலின் சந்துகளில் மழைத் தண்ணீர் தங்குகிறது. இந்த மணல் படுகை கிழக்கே கடலுக்கு அடியிலும் போகிறது. இந்தப் பக்கம் நல்ல தண்ணீர், அந்தப் பக்கம் உப்புத் தண்ணீர். நடுவே சுவர் கிடையாது.

உப்புத் தண்ணீர் கனமானது, அடியில் நிற்கும். நல்ல தண்ணீர் லேசானது. பாலின் மேல் ஏடு மாதிரி அதன்மேல் மிதக்கும். கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் 1 அடி நின்றால், கீழே சுமார் 40 அடி வரை அது உப்பை அழுத்திப் பிடித்திருக்கும். இது விஞ்ஞானிகள் போட்ட கணக்கு. அந்த 1 அடி குறைந்துபோனால், நாளடைவில் அடியிலுள்ள உப்பு 40 அடி மேலே ஏறும்.

இங்கே நடந்ததும் அதுதான். 1960களின் பிற்பகுதியில் ஐக்கிய நாடுகள் சபை உதவியுடன் ஆய்வு செய்து, மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் நல்ல ஊற்று இருப்பதைக் கண்டார்கள். சென்னைக்கும் ஆலைகளுக்கும் அங்கிருந்து தண்ணீர் போனது. நாமும் பாசனத்துக்கு இறைத்தோம். மழை கொடுத்ததைவிட எடுத்தது அதிகம்; கடல் உள்ளே நகர்ந்தது. நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்த 1987இல் சட்டமே கொண்டுவந்தார்கள்.

சரி, நாம் என்ன செய்யலாம்? தண்ணீர் கரிக்கிறதே என்று போரை இன்னும் ஆழமாக இறக்காதீர்கள். கடலோரத்தில் ஆழம் போகப் போக உப்பைத்தான் எட்டுவீர்கள்; போட்ட பணமும் போச்சு. மோட்டாரை ஒரேயடியாக ஓட்டாமல், விட்டு விட்டுக் கொஞ்சமாக இறையுங்கள். அரை மணி நேரம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். உப்பு ஓரளவு இருந்தால், அதைத் தாங்கும் கோ 43 போன்ற நெல் ரகம் பற்றி வேளாண்மை அலுவலரிடமோ திரூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஐப்பசி, கார்த்திகை மழையை ஓடவிடாதீர்கள். ஏரி வரத்துக் கால்வாயைத் தூர் வாருங்கள்; பண்ணைக்குட்டை வெட்டுங்கள். ஒருவர் மட்டும் சேமித்து, பக்கத்து வயல்காரர் இரவும் பகலும் இறைத்தால் பயனில்லை. நிலத்துக்கு மேலே வரப்பு உண்டு, கீழே தண்ணீருக்கு வரப்பு இல்லை. ஊரே கூடிச் செய்தால்தான் கடல் பின்வாங்கும்.