நெகிரி செம்பிலான் மலைகளில் நடையும் ஓட்டமும்

தோட்டப்புறத் தமிழர்க்கு மலைநடை புதியதன்று. பொழுது புலருமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மேட்டிலும் பள்ளத்திலும் நூற்றுக்கணக்கான பால்மரங்களைச் சுற்றிவந்து சீவியோர்க்கு நடையே தொழிலாக இருந்தது. இன்று அதே நெகிரி செம்பிலானில், விடுமுறை நாள்களில், இளைஞரும் முதியோரும் காட்டுப்பாதைகளில் நடந்தும் ஓடியும் மலையுச்சிகளை அடைகின்றனர். தொழிலாக இருந்தது பொழுதுபோக்காயிற்று. ஆனால் காட்டின் இயல்பு மாறவில்லை. அதனை அறியாது செல்வோர்க்கு நேரும் இடரும் மாறவில்லை.

ஓட்டம் வந்த வழி

மலாயாவில் காட்டோட்டத்தை ஒரு விளையாட்டாக நிலைபெறச் செய்தது, 1938இல் கோலாலம்பூரில் தோன்றிய ‘ஹாஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ்’ என்னும் குழு. அதனை அமைத்தவர்களுள் முதன்மையானவர் கணக்காய்வாளர் கிஸ்பர்ட் என்பார். ஒருவர் ‘முயல்’ ஆகி முன்னே சென்று, தோட்டத்திலும் புதரிலும் காகிதத் துண்டுகளைத் தூவி வழி குறிப்பார். ஏனையோர் ‘வேட்டை நாய்கள்’ ஆகி அவ்வழியைத் தேடி ஓடுவர். இடையிடையே அடையாளம் வேண்டுமென்றே அறுபட்டிருக்கும். விரைந்தோடுவோர் அங்கே நின்று வழி தேடுவதற்குள், மெல்ல வருவோர் வந்து சேர்ந்துவிடுவர். வல்லாரும் மாட்டாரும் ஒன்றாகச் சென்று ஒன்றாகத் திரும்புவதற்கான ஏற்பாடு இது. 1942இல் சிங்கப்பூர்ப் போரில் கிஸ்பர்ட் மாண்டார். போருக்குப் பின் குழு மீண்டும் கூடியது; இன்று உலகெங்கும் அதன் கிளைகள் உள்ளன.

1948 முதல் 1960 வரை நீடித்த அவசர காலத்திலோ, காட்டோரம் அச்சத்திற்குரிய இடமாயிற்று. தோட்டத் தொழிலாளர் பலர் முள்வேலிக்குள் குடியமர்த்தப்பட்டனர். அக்காலத்தை நினைவில் வைத்திருந்த முதியோர், பிள்ளைகளைக் காட்டுப்பக்கம் விடத் தயங்கியதில் வியப்பில்லை.

தோட்டமும் காடும்

சிரம்பானிலிருந்து கோலாப்பிலா செல்லும் சாலையில் உள்ள உலு பெண்டுல், 825 மீட்டர் உயரமுள்ள ஆங்சி மலைக்கு வாயில். புக்கிட் புத்துசிலிருந்தும் ஏறலாம். அவ்வழி குறுகியது, செங்குத்தானது. ரெம்பாவ் வட்டாரத்து டத்தோ மலை 884 மீட்டர். அதன் உச்சியிலுள்ள பெரும் பாறைகளின்மேல் ஏணி கொண்டே ஏறவேண்டும். ஜெலுபுவின் கெனாபோய்க் காட்டில் லாத்தா கீஜாங் அருவி வீழ்கிறது.

தோட்டத்தில் ஒரே மரம் நிரைநிரையாக நிற்கும். முன்பு ரப்பர், இன்று பெரும்பாலும் செம்பனை. காட்டின் நிலை வேறு. இம்மாநிலத்துப் பாசோ காட்டில், 1980களில் ஆய்வுக்கென 50 ஹெக்டேர் நிலம் அளந்து மரங்களை எண்ணினர். 800க்கும் மேற்பட்ட வகைகள் இருந்தன. கலிபோர்னியாவின் கடலோர ரெட்வுட் மரங்கள் 115 மீட்டருக்கு மேல் வளர்ந்து உலகின் உயரத்தில் முதலிடம் பெறுகின்றன. மலேசியக் காடுகளும் அவற்றிற்கு மிகவும் பின்தங்கியவை அல்ல: சபாவின் டானும் பள்ளத்தாக்கில் 100 மீட்டரைக் கடந்த மெராந்தி மரம் ஒன்று இருப்பது 2019இல் தெரியவந்தது.

இத்துணைப் பெரிய மரங்களின் வேர்களும் ஆழம் செல்வதில்லை. இலைகள் மக்கித் தரும் உரம் மண்ணின் மேற்பரப்பிலேயே தங்குவதால், வேர்களும் அங்கேயே படர்கின்றன. மரம் சாயாதிருக்க அடிப்பகுதியில் பலகை வேர்கள் விரிகின்றன. ஓடுவோர் காலை இடறுவது பெரும்பாலும் இவ்வேர்களே.

அருவியின் வெள்ளம்

காட்டில் புலியினும் அஞ்சத்தக்கது நீர். மலாய் மொழியில் ‘கெப்பாலா ஆயர்’, அதாவது நீரின் தலை எனப்படும் திடீர் வெள்ளம் பல உயிர்களைக் கொண்டுசென்றுள்ளது. குளிப்போர் தலைமேல் வெயில் காயும்; மலையுச்சியிலோ மழை கொட்டும். செங்குத்தான சரிவில் அந்நீர் சில நிமிடங்களில் ஒரே ஓடையில் திரளும். விழுந்த மரமும் சருகும் இடையில் அணைபோல் தடுத்திருந்தால், அது உடையும்போது நீர் சுவராக எழுந்து வரும்.

இதற்குச் சில முன்னறிகுறிகள் உண்டு. தெளிந்த நீர் கலங்கும், சருகும் சுள்ளியும் மிதந்து வரும், இரைச்சல் மாறும், நீர்மட்டம் உயரும். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் உடைமைகளை எடுக்க நில்லாமல் மேட்டில் ஏறிவிட வேண்டும். எதிர்க்கரைக்குக் கடக்க முயலுதல் கூடாது.

எலிக்காய்ச்சல் மற்றோர் இடர். எலி முதலியவற்றின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து அந்நோய்க்கிருமி தோற்கீறல் வழியே உடலில் நுழைகிறது. அருவியில் குளித்த ஓரிரு வாரங்களில் காய்ச்சல் கண்டால், குளித்த செய்தியை மருத்துவரிடம் கூறுதல் இன்றியமையாதது.

மரஞ்சீவுவோரின் நேரக்கணக்கு

மேற்குக் கரைப் பகுதியில், பருவமாற்றக் காலங்களான ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்களில், பிற்பகலில் இடிமழை மிகுதி. ஆகவே விடியலில் ஏறி நண்பகலுக்குள் இறங்குவதே முறை. நிலநடுக்கோட்டை அடுத்த நாட்டில் அந்தி நீளாது. காட்டினுள் இருள் இன்னும் முந்தும். நிலையான வனக்காப்பகங்களுள் நுழைய வனத்துறையின் அனுமதிச் சீட்டும் பெறவேண்டும். யார் சென்றார், யார் திரும்பவில்லை என்பதை அறிய அதுவும் உதவும்.

தோட்டத்தார் இந்நேரக்கணக்கை அன்றே கைக்கொண்டிருந்தனர். குளிர்ந்த விடியலில் பால் நன்கு ஒழுகும் என்பதால் இருட்டிலேயே புறப்பட்டனர். மரம் நனைந்தால் பால் வீணாகும் என்பதால் மழைக்கு முன் முடித்தனர். வானம் கறுத்தால் வேலையை விட்டுத் திரும்புவதில் அவர்களுக்கு நாணம் இருந்ததில்லை. உச்சியை எட்டியே தீரவேண்டும் என்னும் இன்றைய இளைஞர், பாட்டன் பாட்டியிடமிருந்து பெறவேண்டிய பாடம் இதுவே. மலை நாளையும் அங்கேதான் இருக்கும்.