புத்தகமும் ஒரு சரக்கே: உரிமையைக் கைவிடாதீர்!

மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் விற்காத மளிகைக் கடை ஒரு காலத்தில் கிடையாது. வீட்டுக்கு வீடு தேவைப்பட்ட அந்த இரண்டு சரக்குகளைப் போலத் தம் புத்தகங்களும் ஊரெங்கும் விலைபோக வேண்டும் என்று திட்டமிட்டவர் ஒருவர் உண்டு. அவர் வணிகர் அல்லர், மகாகவி பாரதியார்!

1920ஆம் ஆண்டில் அவர் போட்ட கணக்கு இது: தம் எழுத்துகளை 40 நூல்களாகப் பகுப்பது, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சிடுவது. ஆக, 4 லட்சம் புத்தகங்கள். முதல் திரட்ட அன்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். அவர் கேட்டது நன்கொடை அல்ல, கடன். எழுத்தும் தமது, வெளியீடும் தமது, லாப நஷ்டமும் தமது என்பதே அவர் எண்ணம். பணம் சேரவில்லை. 1921 செப்டம்பர் 11இல் அவர் மறைந்தார்.

அதன் பின் நடந்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது. அவர் மனைவி செல்லம்மாள் 'பாரதி ஆச்ரமம்' என்ற பெயரில் 1922இல் தாமே நூல் வெளியிட்டார். ஆனால் கையில் முதல் இல்லாதவர் எத்தனை நாள் தாக்குப்பிடிக்க முடியும்? பிற்பாடு நூல் உரிமை பாரதியாரின் தம்பி விசுவநாதனிடம் சென்றது. பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமையோ தனியே பிரிந்து, கைமாறி, 1940களில் ஏவி.மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்தது. 1949இல் சென்னை மாகாண அரசு நூல் உரிமையை வாங்கியபோது விசுவநாதனுக்கு ரூ.15,000 கொடுத்தது. செல்லம்மாளுக்கும் இரு பெண்களுக்கும் தலா ரூ.5,000 வழங்கியது. செட்டியார் தம் உரிமையை விலை பெறாமலே விட்டுக்கொடுத்தார். ஒரே எழுத்துக்கு எத்தனை உரிமைகள், எத்தனை கைகள் பாருங்கள்!

நம் அங்கத்தினர்களிலும் தொழில் அனுபவத்தையோ குடும்ப வரலாற்றையோ நூலாக்க விரும்புவோர் உண்டு. அவர்களுக்குச் சில யோசனைகள்.

உரிமை: பதிப்புரிமைச் சட்டப்படி (1957) உரிமை மாற்றம் எழுத்து மூலமாக, கையொப்பத்துடன் இருந்தால்தான் செல்லும். காலவரை குறிக்காவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை குறிக்காவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் கொள்ளும். எழுதியவர் காலத்துக்குப் பின்னும் 60 ஆண்டுகள் உரிமை உண்டு. ஆகவே "எல்லா உரிமைகளும் என்றென்றைக்கும்" என்று எழுதிய தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்திட வேண்டாம். அச்சுச் செலவை நம்மிடமே வாங்கிக்கொண்டு உரிமையையும் கேட்பவரிடம் இரட்டிப்பு எச்சரிக்கை தேவை.

அடக்க விலை: ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 500 பிரதிக்கு மொத்தச் செலவு ரூ.50,000 என்றால் பிரதி அடக்கம் ரூ.100. விலை ரூ.200 வைத்து, புத்தகக் கடைக்கு 35 சதவீதம் கழிவு கொடுத்தால் நம் கைக்கு வருவது ரூ.130. முதல் திரும்ப 385 பிரதி விற்றாக வேண்டும். அன்பளிப்பாக 120 பிரதி கொடுத்துவிட்டால் மீதி அத்தனையும் விற்றாலும் நஷ்டமே! முதலில் 200 பிரதி போட்டு, கேட்பு வந்தபின் மறுபதிப்புச் செய்வது உத்தமம். பிரதிக்கு அடக்கம் கூடினாலும் பணம் பரணில் முடங்காது.

தரம்: எழுத்துப்பிழை மலிந்த புத்தகம் கல் கலந்த அரிசி. வாங்கியவர் மறுமுறை வரமாட்டார். நம் புத்தகத்தை நாமே திருத்தினால் பிழை கண்ணில் படாது. கூலி கொடுத்துப் பிழைதிருத்துபவரை அமர்த்த வேண்டும். ஆனால் எதைச் சேர்ப்பது, எதை நீக்குவது என்ற முடிவு நம்முடையதாகவே இருக்கட்டும்.

பதிவு: சர்வதேசப் புத்தக எண்ணை மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கட்டணமின்றி வழங்குகிறது. அதை நம் பெயரிலேயே பெறலாம்.

விற்பனை: இங்கேதான் பாரதியாருக்குக் கிட்டாத ஒன்று நம்மிடம் இருக்கிறது. கல்லாவும், நாள்தோறும் படியேறி வரும் வாடிக்கையாளரும், வெளியூர்க் கடைகளோடு கொடுக்கல் வாங்கலும் நமக்கு உண்டு. கடனுக்குக் கொடுத்த பிரதிக்கும் பேரேட்டில் பக்கம் போட்டுவிடுங்கள்.

கடையை வாடகைக்கு விடுவோம். பட்டாவை எழுதிக் கொடுப்போமா? புத்தகத்துக்கும் அதே நியாயம்தான்.