உங்களுக்குத் தெரியுமா? பாப்பா சட்டையின் டிச் பட்டன்

திருப்பூரில் தைத்து ஐரோப்பாவுக்குப் போகும் குழந்தை உடுப்புகளில் டிச் பட்டனைத் தேர்ந்தெடுப்பது லேசான வேலையல்ல. நெடுநேரம் தோலில் படும் உலோகத்திலிருந்து, சதுர சென்டிமீட்டருக்கு வாரம் 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக் கூடாது என்பது அங்கே சட்டம். நிக்கல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தோல் தடித்து அரிக்கும்.

பின்னலாடைக்கான டிச் பட்டனின் வளையத்தைத் திருப்பிப் பாருங்கள், சுற்றிலும் குட்டிப் பற்கள். ஓட்டை போட்டால் பனியன் துணியில் கண்ணி அவிழ்ந்து ஓடிவிடும் என்பதால், பற்கள் கண்ணிகளுக்கு நடுவே இறங்கிக் கவ்வுகின்றன. அப்படியும் உள்ளே ஒட்டுத்துணி வைக்காவிட்டால், நாலு இழுப்பில் பட்டன் துணியோடு கையில் வந்துவிடும்.

பட்டன் ஏன் பித்தளையில்? பெட்டி கட்டுமுன் உடுப்புகள் ஊசி கண்டுபிடிக்கும் மெஷினுக்குள் போகும். உடைந்த ஊசித்துண்டு காந்தத்துக்கு மசியும், பித்தளை மசியாது. இரும்பு பட்டன் என்றால் சட்டைக்குச் சட்டை மெஷின் கத்தும். அந்தக் கூச்சலில் நிஜ ஊசி தப்பிவிடும்! பித்தளை விலை கூடத்தான், ஆனால் இதில் கஞ்சத்தனம் செல்லாது.

தலைமூடி வைத்த சட்டையா? அங்கே இழுநாடாவுக்குப் பதில் டிச் பட்டன்தான் கைகொடுக்கும். 7 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கழுத்திலும் தலைமூடியிலும் இழுநாடாவே கூடாது என்கிறது ஐரோப்பியத் தரவிதி ஈஎன் 14682. சறுக்குமரத்தில் நாடா மாட்டிக் கழுத்தை இறுக்கிய விபத்துகள்தான் காரணம்.