குப்பை எங்கிருந்து வருகிறது?

ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்குமா என்று காத்திருக்கும் காவிரிப் படுகைக்குப் பருவம் தப்புவதன் வலி தெரியும். ஆனால் அங்குள்ள முதியவர் ஒருவரின் கண்புரையை அகற்றுவதிலும் பருவத்தைக் குலைக்கும் கரியமில வாயு வெளியேறுகிறது என்பதை யாரும் கணக்கில் வைப்பதில்லை. கண்புரையை இரண்டு விதமாக எடுக்கிறார்கள். ஃபேக்கோ இயந்திரத்தின் ஊசி, காதுக்கு எட்டாத வேகத்தில் அதிர்ந்து, 3 மில்லிமீட்டருக்கும் குறைவான துளை வழியே புரையை உடைத்து உறிஞ்சிவிடும். மற்றது, சுமார் 6 மில்லிமீட்டர் வெட்டி, கையாலேயே முழுசாக வெளியே எடுப்பது. முற்றிக் கடினமான புரைக்கு இது நன்றாகவே கைகொடுக்கும். இயந்திரம் என்றாலே மின்சாரம், திரவம் ஓடும் கசெட், குழாய். எனவே ஃபேக்கோதான் குற்றவாளி என்று சொல்லத் தோன்றும்.

அந்தத் தீர்ப்பு அவசரமானது. அரவிந்த் கண் மருத்துவமனைகளில் ஒரு ஃபேக்கோ அறுவைக்கு ஏறக்குறைய 6 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடான வெளியீடும் 250 கிராம் கழிவும்தான் என்று 2017-இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. பிரிட்டனில் அதே அறுவைக்கு ஆகும் கரியமில வாயு வெளியீட்டில் இது சுமார் 5 விழுக்காடு. இரண்டு இடத்திலும் ஊசி ஒரே வேலையைத்தான் செய்கிறது. வேறுபாடு பெரும்பாலும், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறிவதில் இருக்கிறது. வேல்ஸில் செய்த இன்னோர் ஆய்விலும் வெளியீட்டில் பாதிக்கு மேல் வாங்கிய பொருள்களிலிருந்தே வந்தது. அரவிந்தில் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்து மறுபடி பயன்படுத்துகிறார்கள். வெளியீட்டின் பெரும்பங்கு அந்தக் கிருமிநீக்கத்தில்தான். கிருமிநீக்கும் ஆட்டோகிளேவும் மின்சாரம் தின்னத்தானே செய்யும் என்று கேட்கலாம். ஆம், தின்னும். அதையும் சேர்த்துத்தான் அந்த 6 கிலோ.

தொற்று வராதா என்பதே கனமான ஆட்சேபம். கண்ணுக்குள் தொற்றினால் பார்வையே போகலாம். இதற்கு எண்ணிக்கைதான் விடை தர முடியும். இப்படி மறுபயன்படுத்தும் அரவிந்தின் 10 மருத்துவமனைகளில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளை ஆராய்ந்தபோது, கண்ணுக்குள் மாக்ஸிஃப்ளாக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைச் செலுத்தத் தொடங்கிய பின் தொற்று 0.07-இலிருந்து 0.02 விழுக்காடாகக் குறைந்திருந்தது. ஆனால் தொற்றை எண்ணாத மருத்துவமனை இந்தத் துணிச்சலைக் கடன் வாங்கக் கூடாது. கிருமிநீக்கம் சரிவரச் செய்யப்படாத இடத்தில் மறுபயன்பாடு ஆபத்துதான். காவிரிப் படுகையின் தஞ்சைக்குக் குறிப்பெடுக்கும் பழக்கம் புதிதல்ல: மன்னர் இரண்டாம் சரபோஜி காலத்துக் கண் நோயாளிகளின் விவரங்கள் படங்களோடு சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. இன்றைய பதிவேட்டில் தொற்றோடு குப்பையின் எடைக்கும் ஒரு பத்தி ஒதுக்கலாம். புது ஃபேக்கோ வாங்கும்போது விலைக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வியும் உண்டு: இதன் கசெட்டையும் குழாயையும் எத்தனை முறை ஆட்டோகிளேவில் வைக்கலாம்?